காய்ச்சல் இல்லாத சீக்கு

எனக்குக் காய்ச்சல் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது வராமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். புருவத்துக்கு மேலே பாரம் ஏற்றி வைத்ததுபோல் கனக்கும். கன்னத்தைத் தொட்டால் மேல்பல் வலிக்கும். செருப்பு மாட்டக் குனிந்தால் மூளை முன்பக்கம் சரிந்து வருவதாகவே தோன்றும். ஆனால் தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்தால் தொண்ணூற்றெட்டைத் தாண்டியிருக்காது.

எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் இருந்தால்தான் சீக்கு. கால் உடைந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும், "காச்சல் இருக்குதுங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "இல்லீங்க" என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி படரும். அதோடு உங்கள் வியாதி முடிந்துபோனது. அடுத்து மழை பெய்ததா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் காய்ச்சல் இலாகாவுக்கு எங்கள் வீட்டில் அதிகாரி என் அக்கா. என்னைவிட இரண்டே வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நினைக்கும் நாட்களில் நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு மூக்கை இரண்டு விரலால் பிடித்தபடி "அப்பா, அப்பா" என்று முனகுவேன். அம்மாவைத்தான் கூப்பிடுகிறேன்; மூக்கைப் பிடித்துக்கொண்டால் 'ம்' வராது. அம்மா சமையலறையிலிருந்தே, "அம்மணி, தொட்டுப் பாரு" என்பாள். அக்கா வந்து என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "காயலைம்மா" என்று தீர்ப்புச் சொல்லுவாள். அந்தக் கை ஒரு நாள்கூட எனக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன்.

வளர்ந்த பிறகு உண்மையாகவே சைனஸ் வந்தது. எனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் வேலை. வேலை என்றால் போனில் பேசுவதுதான். கொரோனா சமயத்தில் கம்பெனி வாசலில் எல்லோர் நெற்றியிலும் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூடு பார்த்தார்கள். காவலுக்கு இருந்தவர் என்னிடம் தினமும், "உங்களுக்குத்தானுங்க நெம்பக் கம்மி" என்று பாராட்டி உள்ளே அனுப்புவார். உள்ளே போய் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

மூக்கு அடைத்தால் மூச்சுதான் போகும் என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைக்கலாம். எங்கள் ஊரில் மரியாதையும் போகும். நாங்கள் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு 'ங்க' வைப்போம். அந்த 'ங்க' குடியிருப்பது மூக்கில். மூக்கு மூடிவிட்டால் ம எல்லாம் ப ஆகும், ந எல்லாம் த ஆகும், 'ங்க' வெறும் 'க்க' என்று விழும். ஒருமுறை அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு, பழுது பார்க்கக் கொடுத்த மோட்டார் வந்துவிட்டது என்று போனில் சொன்னேன். "மோட்டார் வந்துருச்சுங்க" என்றுதான் சொன்னேன். அவர் காதுக்குப் போனது, "போட்டார் வத்துருச்சுக்க."

"வத்திருச்சுங்களா?" என்று பதறினார் அவர். "காத்தால பாத்தப்போ கெணத்துல தண்ணி இருந்துச்சுங்களே! அங்க உக்காந்துட்டு உங்களுக்கெப்படீங்க தெரிஞ்சுது?"

போனை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றைப் பார்க்க ஓடிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். லீவு கேட்டேன். "காச்சலுங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்பறமென்னங்க, மூக்கு சரியாகற வரைக்கும் உக்காந்து மெயில் அடிச்சுட்டு இருங்க" என்றார். எத்தனை மரியாதையான மனிதர்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய அவமானங்கள். பொறுக்க முடியாதது நான்கு வருடத்துக்கு முன்பு அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நடந்தது.

பல வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு அக்காவும் மச்சானும் உக்கடத்தைத் தாண்டி, சுந்தராபுரம் பக்கம் சொந்தமாக வீடு கட்டியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டதால், பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருப்பது நான் ஒருவன். சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வரவேண்டியவன் நான். முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, "தலையக் குனிய முடியலக்கா, சைனஸு" என்றேன்.

"காச்சல் இருக்குதாடா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. அவளிடம் சொல்லிப் பழக்கமில்லை. "இல்லக்கா" என்றேன்.

"அப்ப வா. காச்சல் இல்லாம அதென்ன சீக்கு?"

வருகிறேன் என்றுதான் சொன்னேன். காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லை. இந்தத் தலையோடு ஹோமப் புகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. மனைவியும் மகனும் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் "தம்பி எங்கீங்க?" என்று கேட்க, அக்கா தன் வாழ்நாளில் முதன்முறையாக எனக்காகப் பொய்ச்சாட்சி சொன்னாள். "தம்பிக்கு நெம்பக் காச்சலுங்க. நூத்திரெண்டு. எந்திரிக்கவே முடியல பாவம்."

அன்றைக்குச் சாயங்காலம் காந்திபுரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கிளினிக்குக்கு எதிரிலேயே தள்ளுவண்டியில் காளான் சுடச்சுடக் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகு வாசனை; அதாவது, மிளகு வாசனை என்று நான் ஊகித்துக்கொண்டேன். காரமாகச் சாப்பிட்டால் மூக்கு திறக்குமே என்று ஒரு தட்டு வாங்கினேன். உண்மையாகவே ஒரு பக்கம் திறந்தது. மற்ற பக்கத்துக்காக இன்னொரு தட்டு வாங்கினேன். விழாவுக்கு வந்துவிட்டு ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றிருந்த மச்சானின் பெரியம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை, போனையும் எடுத்தார். "காச்சக்காரரு காந்திபுரத்துல காளான் தின்னுட்டு நிக்கறாருங்க" என்று சொன்னாராம். நான் இரண்டாவது தட்டைக் கீழே வைப்பதற்குள் செய்தி சுந்தராபுரம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அக்காவின் போன் வந்துவிட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். போனில் பேசுகிறவள் யாரைக் கேட்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்த முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"காளான் நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த 'ங்க' எத்தனை பெரிய அடி என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோருக்கும் 'ங்க' போடுவோம். கண்டக்டருக்கு, மருமகளுக்கு, இடித்துவிட்டுப் போன லாரி டிரைவருக்குக்கூட. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் அது இருந்ததே இல்லை. அவள் "வாடா கண்ணு" என்பாள், நான் "வாக்கா" என்பேன். அவள் எனக்கு 'ங்க' போட்டது, என்னைத் தெருவில் போகிறவர்களோடு சேர்த்துவிட்டதற்குச் சமம். அவள் கோபம் நியாயம்தான். எனக்காகப் பொய் சொல்லி, ஒரே நாளில் மாட்டிக்கொண்டவள் அவள். ஆனால் எனக்கும் ரோஷம் வந்தது. எனக்கு வலித்தது பொய்யா? நானும் 'ங்க' போட்டேன்.

நான்கு வருடம் போட்டோம். விசேஷ வீடுகளில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால், "நல்லா இருக்கீங்களா?", "இருக்கறேனுங்க, நீங்க?", "இருக்கறமுங்க." ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அக்கா தம்பி என்றால் இப்படியல்லவா மரியாதையாக இருக்க வேண்டும் என்று தன் பிள்ளைகளுக்கு எங்களைக் காட்டினார். எனக்கு மண்டபத்துத் தூணில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஏற்கெனவே தலைவலி இருந்ததால் முட்டிக்கொள்ளவில்லை.

இந்த நிலைமையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். அந்தப் பெண் பல் முளைத்த காலத்தில் என் தோளைத்தான் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நெற்றியில் பட்டம் கட்ட, எங்கள் பெரியப்பா மகனைக் கூப்பிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. அவனும் முறைக்கு அவளுக்கு மாமன்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று மனைவியிடம் சொன்னேன். கோபம் இல்லை, அழுகைதான்.

பிறகு அந்தப் பெண்ணே எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். "மாமா, அம்மாவும் அப்பாவும் ஞாயித்துக்கிழமை பத்திரிகை வைக்க வர்றாங்க. சண்டை கட்டிராதீங்க. தண்ணியாவது குடிக்க வைங்க." பத்திரிகையை மட்டும் கொடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் தொடாமல் அக்கா திரும்பிப் போய்விட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது.

சண்டை கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. அதைவிட மோசமான திட்டம் இருந்தது. வாசலில் நிமிர்ந்து நின்று, ஒரே ஒரு "வாங்க" சொல்ல வேண்டும். அத்தனை மரியாதையாக, அத்தனை சுத்தமாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது சுருக்கென்று தைக்க வேண்டும். அந்த 'ங்க'வை நான்கு வருடமாகத் தீட்டி வைத்திருந்தேன்.

அதற்கு முந்தைய வாரம் எனக்குச் சளி பிடித்திருந்தது. ஐந்தாறு நாளில் குறைந்தது. வியாழக்கிழமை மறுபடியும் பிடித்தது, இரண்டு மடங்காக. சனிக்கிழமை காலையில் குளிரில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நூற்றிரண்டு.

"ஏனுங்க, எதுக்குங்க சிரிக்கறீங்க?" என்று மனைவி பயந்துபோனாள். நான் தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய டாக்டரிடமே போனோம். கன்னத்தை அழுத்தினார், கத்தினேன். மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். "வெறும் அடைப்புக்கும் அலர்ஜிக்கும் காச்சல் வராதுங்க" என்றார். "உள்ள சளி தேங்கி, கிருமி பத்தி, சீழ் புடிச்சா வரும். அதுலயும் எல்லாருக்கும் வராது. உங்களுக்குக் கொறஞ்சு போட்டு மறுபடியும் ஜாஸ்தியாச்சு பாருங்க, அதுதான் கவனிக்கோணும். மாத்திரைய நடுவுல நிறுத்தாதீங்க."

காய்ச்சல் இல்லாமல் வந்தாலும் அந்த வலி நிஜம்தானே என்று கேட்டேன். என் மூக்கிலிருந்து வந்ததை மனைவி தமிழில் அவருக்குச் சொன்னாள். "நிஜந்தானுங்க, அதிலென்ன சந்தேகம்?" என்றார். அதை லெட்டர்பேடில் எழுதி, நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு, சீல் வைத்துத் தர முடியுமா என்று கேட்கச் சொன்னேன். மனைவி அதை மட்டும் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கார் வந்து நின்றது. நான் குரங்குக் குல்லாயும் போர்வையுமாக வாசலுக்குப் போனேன். கம்பீரம் கொஞ்சம் குறைவுதான். அக்கா பட்டுப்புடவையில் தாம்பாளத்தோடு இறங்கினாள். பின்னால் மச்சான், பத்திரிகைப் பையோடு. அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

நான் போர்வையைச் சரிசெய்து, நிமிர்ந்து நின்று, தீட்டி வைத்திருந்ததை எடுத்தேன். "வாங்க" என்றேன்.

என் மூக்கு அதை வாங்கி, உள்ளே என்னவோ செய்து, எங்கள் ஊர் இழுப்பையும் சேர்த்து வெளியே விட்டது.

"வாக்கா."

அக்கா மதில் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறைத் திருத்த வேண்டுமே என்று அவசரமாக, "உள்ள வாங்க" என்றேன். "உள்ள வாக்கா" என்று வந்தது. "உக்காருங்க" என்றேன். "உக்காருக்கா." "தண்ணி குடிங்க" என்றேன். "தட்டி குடிக்கா." நான் மரியாதையைக் கூட்டக் கூட்ட, கொஞ்சுவது போலவே வந்து விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூக்கும் வேலை செய்யாததால் உடனே மூச்சு முட்டி மறுபடியும் திறந்தேன்.

அக்கா தட்டை மச்சான் கையில் திணித்தாள். கிட்டே வந்தாள். குல்லாயை மேலே தள்ளி, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் இன்னொரு கையைத் தூக்கி அவரை அடக்கினாள்.

"காயுதுடா" என்றாள். பிறகு திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "ஏனுங்க! என்ற தம்பிக்கு மேலு காயுதுங்க! தொட்டுப் பாருங்க, அனலாட்ட இருக்குது!" என்றாள். மச்சான் இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் தொட்டுப் பார்க்காமலேயே ஒப்புக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நாந்தான் நம்பாம உட்டுப்போட்டேன்" என்றாள் அக்கா.

ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். நான்கு வருடம் கழித்து நான் ஜெயித்திருப்பேன். அவளிடம் பொய் சொல்லிப் பழகாத பாழாய்ப்போன பழக்கம் குறுக்கே வந்தது.

"அப்பக் காச்சல் இல்லக்கா. வலிச்சுது, அவ்வளவுதா."

அந்த 'இல்லக்கா'வில் மூக்கின் கைவேலை ஒன்றும் இல்லை. நானேதான் சொன்னேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். "நெம்ப வலிச்சுதாடா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். வலித்ததா என்று கேட்டவள் அவள்தான். தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. மூக்கு அடைத்தவன் அழவே கூடாது. வழி இல்லாமல் எல்லாம் தலைக்குள்ளேயே சுற்றி வரும்.

அக்கா தண்ணீர் குடித்தாள். பிறகு பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் மனைவியோடு அடுப்படிக்குள் போனவள், நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள், மிளகு ரசம் வைத்தாள், மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசியில் கிளம்பும்போதுதான் பத்திரிகை ஞாபகம் வந்து, மச்சானும் அவளும் நின்று தட்டை நீட்டினார்கள். "மாமன் வந்து பட்டங் கட்டோணும்" என்றாள்.

பெரியப்பா மகனைக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேனே என்று அடைத்த மூக்கோடு கேட்டேன்.

"அவனையா? உன்ற காதுக்கு வரட்டும்னு நாந்தான் நாலு பேர்கிட்ட சொல்லி உட்டேன்" என்றாள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பத்து நாளில் மாத்திரை முடிந்தது, காய்ச்சல் போனது, மூக்கு திறந்தது. நான் ரசத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்கா. எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. அன்றைக்குச் சமாதானம் செய்துவைத்தது அடைத்த மூக்கு. இப்போது மூக்கு சரியாகிவிட்டது, நாக்குக்கோ நான்கு வருடப் பழக்கம். பேச்சுவாக்கில் "சொல்லுங்க" என்று வந்துவிட்டால்? நான் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"எப்படி இருக்குதுடா இப்ப?" என்றாள்.

"தல்லா இருக்கறேக்கா" என்றேன்.



"மூக்க உடு" என்றாள் அக்கா. "ஏமாத்தறதுக்கு வேற ஆளப் பாரு. ரெண்டாங்கிளாஸுலருந்து பாத்துட்டு இருக்கறேன்."

நான் விரலை எடுக்கவில்லை.

"அன்னைக்கு வாசல்ல நீ என்ன சொன்னீன்னு எனக்குத் தெரியாதாடா? நெஞ்ச நிமித்திக்கிட்டு வாங்கன்னுதான் சொன்னே. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது."

"அப்பறப்?"

"அப்பறமென்ன. காதுல வாக்கான்னு உழுந்துச்சு. அது போதும்னு உள்ள வந்துட்டேன்."

மூக்கிலிருந்து விரலை எடுத்தேன்.

"சொல்லுக்கா" என்றேன்.